‘தி நைட் ஆஃப் தி ஹன்டர்’ பார்த்த ராத்திரி

பிள்ளை தூங்கிய பிறகுதான் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்ப்பேன். சார்ல்ஸ் லாட்டன் இயக்கிய ஒரே படம், 1955-இல் வந்தது என்பதால் இதைப் போட்டேன். தூக்குக்குப் போகும் அப்பா, திருடிய பத்தாயிரம் டாலரை மகளின் பொம்மைக்குள் ஒளித்துவைக்கிறான். சிறையில் அவனோடு இருந்த ஹாரி பவல், போதகர் வேஷத்தில் வந்து அவன் மனைவியையே கல்யாணம் செய்துகொள்கிறான். பவலாக ராபர்ட் மிச்சம்! வலது கை விரல்களில் ‘அன்பு’, இடது கை விரல்களில் ‘வெறுப்பு’ என்று ஆங்கிலத்தில் பச்சை குத்தியிருக்கும்.

பிள்ளைகள் இரண்டும் படகில் ஏறித் தப்பும்போது என் மகன் தண்ணீர் குடிக்க எழுந்து வந்துவிட்டான். ஏழு வயது. நிறுத்தலாம் என்று ரிமோட்டைத் தேடுவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். கரையில் தவளை, சிலந்தி வலை, முயல். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். பயமே இல்லை. அப்புறம் படத்துப் பையன் வைக்கோல் பரணிலிருந்து பார்க்கும்போது, தூரத்து மேட்டில் குதிரைமேல் ஒரு கறுப்பு உருவம் பாடிக்கொண்டே போனது. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். மொத்தப் படமும் குழந்தையின் கண் உயரத்திலிருந்து எடுத்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

* * *

அந்தக் குதிரைக் காட்சி ஸ்டுடியோவில் எடுத்தது. தூரம் தெரிய வேண்டும் என்று உயரம் குறைந்த ஒருவரை மட்டக்குதிரையில் ஏற்றியிருக்கிறார்கள். ஒளிப்பதிவு ஸ்டான்லி கார்டெஸ்.

என்னைப் பிடித்து உலுக்கியது ஆற்றுக்கடியில் காருக்குள் இருக்கும் அந்தப் பிள்ளைகளுடைய அம்மாவின் உடல்தான். தலைமுடி நீர்ப்பாசியோடு சேர்ந்து மெதுவாக அலையும். பொம்மை என்று படித்த பிறகும் அந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். இந்தப் படத்துக்கு மூலம் டேவிஸ் க்ரப் 1953-இல் எழுதிய நாவல்; அதற்குப் பின்னால் ஓர் உண்மைக் கொலைகாரன் இருக்கிறான். 1932-இல் மேற்கு வர்ஜீனியாவின் மவுண்ட்ஸ்வில் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். க்ரப் பிறந்ததும் அதே ஊரில்தான்.

* * *

இதே படத்தை இன்னொரு தடவை என் அம்மாவோடு பார்த்தேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, கேட்டால்தான் கதை சொல்வேன். கடைசியில் லில்லியன் கிஷ் நடித்த மூதாட்டி, அடைக்கலம் வந்த பிள்ளைகளுக்குக் காவலாகத் துப்பாக்கியை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வெளியே இருட்டில் பவல் தன் வழக்கமான பாட்டைப் பாடுவான், ஆண்டவர் கரத்தில் சாய்ந்திருப்பதைப் பற்றிய கீர்த்தனை. இந்தம்மாவும் கூடச் சேர்ந்து பாடுவார். எவ்வளவு அழகான இரட்டைக் குரல்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும், “திரும்பப் போடு” என்றார். போட்டேன். காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அந்தம்மா ஜீசஸ்னு பேரைச் சொல்லிப் பாடுறாங்க. அவன் வாயில அந்தப் பேரு வரவே இல்ல பாரு.”

நான் நாலு தடவை பார்த்த படம். அதைக் கவனித்ததே இல்லை.