சினிமா ஹோட்டல்களின் பெயர்ப்பலகை வேண்டும், உதவுங்கள்

கும்பகோணத்தில் தம்பி சின்னதாக ஒரு டிகிரி காபிக் கடை போடுகிறான். கதைகளில் மட்டுமே இருக்கும் ஹோட்டல்களின் போர்டுகளைச் சுவரில் வரைய ஆசை. 1994 முதல் 2004 வரை ஓடிய ஃப்ரெண்ட்ஸ் என்ற அமெரிக்க டிவி தொடரில் வரும் சென்ட்ரல் பெர்க் காபிக் கடை உறுதி. சியர்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கத் தொடரில் வரும் சியர்ஸ் பாரும் பட்டியலில் இருந்தது. அதன் வாசலாகக் காட்டிய பாஸ்டன் கடை, பிற்பாடு தன் பெயரையே சியர்ஸ் என்று மாற்றிக்கொண்டதாம்! ஆனால் கல்லாவில் உட்காரப்போவது அம்மா. பார் எதுவும் கூடாதென்று உத்தரவு.

தமிழில்தான் திணறுகிறோம். 1964-இல் வந்த சர்வர் சுந்தரத்தில் நாகேஷ் வேலை பார்க்கும் ஹோட்டலின் போர்டு யாருக்காவது நினைவிருக்கிறதா? வேறு படம், சீரியல் என்றாலும் சரி. கடைப் பெயரோடு ஸ்கிரீன்ஷாட்டும் போட்டால் பெயிண்டருக்கு வசதி. தஞ்சாவூர்ப் பக்கம் நடக்கும் கதையென்றால் அதற்குத்தான் முதலிடம்.