உதவி: பிரஷர் சென்சாரில் எண் நிலையாக நிற்கவில்லை, அவசரம்

லயத்துப்பையன்: வணக்கம். அம்மாவுக்குப் பிரஷர். கையில் கட்டிக்கொண்டே பார்க்கிற மாதிரி, தோலில் வெளிச்சம் பாய்ச்சி நாடி பிடிக்கும் சென்சார் வைத்து ஒன்று செய்கிறேன். 128 காட்டுகிறது, அடுத்த நிமிடமே 161. அம்மா அசையாமல்தான் உட்கார்ந்திருக்கிறார். எங்கே கோளாறு? மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

ரேடியோகடை: எந்த சென்சார்? எங்கே கட்டினீர்கள்? ஒன்றா, இரண்டா?

மின்பித்தன்: பட்டையை இறுக்கியிருப்பீர்கள். இறுக்கினால் தோலடி ரத்தம் ஒதுங்கி அலை தட்டையாகிவிடும். தளர்த்தினால் வெளி வெளிச்சம் புகும். கறுப்புத் துணியால் மூடிப் பாருங்கள்.

லயத்துப்பையன்: மேக்ஸ்30102, இரண்டு. மணிக்கட்டில் ஒன்று, விரலில் ஒன்று. இரண்டையும் படிக்கும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு ஈஎஸ்பி32.

ரேடியோகடை: போர்டு சென்சாரைக் கூப்பிடும் ஐ2சி முகவரி இரண்டுக்கும் ஒன்றே, மாற்றவும் முடியாதே. ஒரே லைனிலா போட்டீர்கள்?

லயத்துப்பையன்: இல்லை அண்ணே, தனித்தனி லைன்.

மூத்தவன்: இந்தக் கேள்வி இங்கே வந்துகொண்டே இருக்கிறது. தேடிப் படித்துவிட்டுக் கேட்கலாம். தம்பி, மணிக்கட்டிலிருந்து விரலுக்கு நாடி அலை போக சில பத்து மில்லிசெகண்டுதான். பிரஷர் ஏறினால் ரத்தக்குழாய் விறைத்து அந்த நேரமும் குறையும். உங்கள் கணக்கே அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் நிற்கிறது. இந்தச் சென்சாருக்கான ரெடிமேட் கோடான ஸ்பார்க்ஃபன் லைப்ரரியை அப்படியே போட்டிருந்தால் நொடிக்கு 400 அளவு எடுத்து, நான்கைச் சராசரியாக்கி ஒன்றாகத் தரும். கைக்கு வருவது 100. அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளி தள்ளினாலே எண் எகிறிவிடும். சராசரியை 1 ஆக்குங்கள். அலையின் உச்சியை விட்டுவிட்டு, அது எழும்பத் தொடங்கும் அடியைப் பிடியுங்கள்.

பழைய மிஸ்ஸி: கிளினிக்கில் வேலை பார்த்தவள் நான். மேற்கையில் கட்டும் மெஷினோடு ஒப்பிட்டீர்களா? ஒப்பிடாத எண்ணை நம்பி அம்மாவின் மாத்திரையைக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

மூத்தவன்: அவர் மாத்திரை பற்றிக் கேட்கவில்லையே.

பழைய மிஸ்ஸி: கேட்காததால்தான் சொல்கிறேன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்கு மெஷின் வந்தால் பக்கத்து வீட்டாரும் கையை நீட்டுவார்கள். ஆளுக்கு ஆள் ரத்தக்குழாய் வேறு. ஒருவருக்கு அளந்து பொருத்திய கணக்கு இன்னொருவருக்குச் செல்லாது.

மூத்தவன்: அதற்காகச் செய்யவே கூடாதா?

ரேடியோகடை: செய்யட்டும், மிஸ்ஸி சொன்னபடி ஒப்பிட்டுச் செய்யட்டும். தம்பி, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள். தொங்கவிட்டாலே எண் மாறும்.

லயத்துப்பையன்: சராசரியை 1 ஆக்கினேன், குதிப்பது நன்றாகக் குறைந்தது. கிளினிக் மெஷினோடு ஒப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். நன்றி அண்ணே, நன்றி மிஸ்ஸி.

மின்பித்தன்: பட்டை எந்தத் துளையில் மாட்டியது என்றும் குறித்துக்கொள்ளுங்கள் தம்பி. நாளுக்கொரு இறுக்கம் என்றால் அலையின் வடிவமே மாறிவிடும்.