போர்வெல் தண்ணீர்க் கறை: கார் பெயின்ட்டை வீட்டிலேயே மீட்க வழி சொல்லுங்கள்

பெங்களூரு நண்பர்களுக்கு வணக்கம். அல்சூரில் இருக்கிறோம். அப்பா ஆசையாக வைத்திருக்கும் கருப்பு ஸ்விஃப்ட், பத்து வருட வண்டி. 2024 தட்டுப்பாட்டில், குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததிலிருந்து போர்வெல் தண்ணீர்தான். இப்போது பானெட் முழுக்க வெள்ளை வட்டங்கள். நகத்தால் வருடினால் விளிம்பு தட்டுப்படுகிறது.

வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்ததில் மேலே படிந்த உப்பு போய்விட்டது. அடியில் அரித்த தடம் மட்டும் அப்படியே நிற்கிறது. கிளே பார் (ஒட்டிய அழுக்கை உருவி எடுக்கும் களிமண் கட்டி) போட்டதும் கூரை நன்றாக வழவழப்பாகிவிட்டது, அதில் சந்தோஷம்தான். மிச்சத்துக்கு காம்பவுண்டு (பெயின்ட்டை லேசாகத் தேய்த்து மெருகேற்றும் பசை) போட வேண்டும் போலிருக்கிறது. ஆனால் பெயின்ட்டின் மேலிருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் தலைமுடியை விட மெல்லியது, சுமார் 40, 50 மைக்ரான். தேய்ந்து போனால் திரும்ப வராது. செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சை மேலே போட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை, கறை அதற்கடியில் மாட்டிக்கொள்ளும்.

கையால் தேய்த்தால் போதுமா, டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் (சுழன்றுகொண்டே ஆடியும் தேய்க்கும் மெஷின்) வேண்டுமா? இங்கே வாடகைக்குக் கிடைக்குமா? ஜே.சி. ரோட்டில் நல்ல ஃபோம் பேட் எங்கே வாங்கலாம்? அப்புறம், போர்வெல் தண்ணீரிலேயே கழுவி, கறை விழாமல் பார்த்துக்கொள்பவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.