‘அமேசிங் கிரேஸ்’ மனந்திரும்பிய அடிமை வணிகரின் பாட்டா?

கடலோரம்:
நேற்று ஆராதனையில் இந்தப் பாட்டுக்கு முன் போதகர் அதன் கதையைச் சொன்னார். அடிமைக் கப்பல் கேப்டன் ஜான் நியூட்டன் புயலில் சிக்கினாராம், மனந்திரும்பினாராம், தொழிலை அன்றே உதறிவிட்டுப் பாட்டை எழுதினாராம். சபையே உருகியது. எனக்கு மனசு ஒப்பவில்லை. புயல் அடித்தது 1748 மார்ச்சில். அப்போது அவர் கேப்டனே இல்லை. கேப்டன் ஆனது அதற்குப் பிறகு. 1750 முதல் 1754 வரை மூன்று பயணம், மூன்றிலும் ஆப்பிரிக்க மனிதர்களை விலைக்கு ஏற்றிப்போனார். கடலை விட்டதும் உடம்புக்கு முடியாமல் போனதால்தான். பாட்டில் அந்த மனிதர்களைப் பற்றி ஒரு சொல் உண்டா?

மெழுகுவத்தி:
தேதிகள் சரிதான் அண்ணா. ஆனால் பாட்டை அதன் வசனத்தோடு வைத்துப் படியுங்கள். 1773 புத்தாண்டு நாளில், நியூட்டன் குருவானவராயிருந்த இங்கிலாந்தின் ஓல்னி ஊர் ஆலயப் பிரசங்கத்துக்காக எழுதியது அது. எடுத்த வேதபாகம் 1 நாளாகமம் 17:16, 17. தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து, என்னை இதுவரைக்கும் கொண்டுவந்ததற்கு நான் எம்மாத்திரம் என்று கேட்கிற இடம். அந்த ‘இதுவரைக்கும்’தான் பல ஆபத்துகளைக் கடந்து வந்தேன் என்கிற சரணம். காணாமற்போய்க் காணப்பட்டது கெட்ட குமாரன் உவமையிலிருந்து. குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன் என்பது யோவான் 9:25. லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைகள் நிறைந்த ஊர் ஓல்னி. வருஷப் பிறப்பன்று அவர்களும் தங்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துப் பாடக்கூடிய பாட்டு. அடிமை வணிகத்துக்கான பாவ அறிக்கை என்று அதன்மேல் ஏற்றியது நாம்.

கடலோரம்:
என் வலியே அதுதான் தம்பி. அப்போது நியூட்டன் குருவானவராகி ஏறக்குறைய 9 வருஷம். ‘நான் எம்மாத்திரம்’ என்று தியானிக்கிறவருக்குக் கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு கிடந்தவர்கள் நினைவுக்கு வரவில்லையா? பிறகு எந்தக் கண் திறந்தது?

வேதமாணவன்:
கண் ஒரே ராத்திரியில் திறக்கவில்லை, அவ்வளவுதான். 1788ல் ஆப்பிரிக்க அடிமை வணிகத்தைப் பற்றி நியூட்டன் ஒரு சிறுநூல் வெளியிட்டார். தான் செய்த தொழிலை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது என்றும், தன் அறிக்கை மிகவும் பிந்தி வருகிறது என்றும் அதில் எழுதினார். பிரிட்டிஷ் அரசரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் முன் சாட்சியும் சொன்னார். அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் குழம்பி வந்து நின்றபோது, அரசியலை விட்டுவிடாதே என்று தேற்றியவரும் அவரே. 1807 மார்ச்சில் பிரிட்டனில் அடிமை வணிகத் தடைச் சட்டம் நிறைவேறியது. டிசம்பரில் நியூட்டன் இறந்தார்.

கடலோரம்:
அந்த நூலை நான் மதிக்கிறேன். ஆனால் அது புயலுக்கு 40 வருஷம் பிந்தியது. அந்த 40 வருஷத்தையும் சேர்த்துச் சபைக்குச் சொல்லுங்கள் என்கிறேன். ஒரே ராத்திரி அற்புதமாகச் சொன்னால் விற்கப்பட்டவர்கள் கதையிலிருந்தே காணாமற்போகிறார்கள்.

மெழுகுவத்தி:
அதை ஒத்துக்கொள்கிறேன். பாட்டு பொய் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆல்டோ:
பாடகர் குழுவில் பாடுகிறவள், ஒன்று சொல்லட்டுமா? பதினாயிரம் வருஷம் என்று வருகிற கடைசிச் சரணம் நியூட்டன் எழுதியதல்ல. 1852ல் வந்த ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலில் அடிமையான டாம் இந்தப் பாட்டோடு சேர்த்துப் பாடுகிற சரணம் அது. நாம் பாடும் ராகத்தோடு பாட்டு சேர்ந்ததும் அமெரிக்காவில், 1835ல். நியூட்டன் இதை இந்த ராகத்தில் பாடியதே இல்லை.

கடலோரம்:
இது எனக்குத் தெரியாது, அக்கா. அந்தச் சரணத்தை வரும் ஞாயிறு நானும் சேர்ந்து பாடுவேன். முதல் சரணத்துக்கு இன்னும் வாய் எழவில்லை.