1981 டார்சான்: அப்பா பாதியில் எழுந்து மோட்டார் போடப் போன படம்

கோபி வாய்க்கால்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அப்பாவுக்கு டார்சான் என்றால் ஜானி வைஸ்முல்லர் ஒருத்தர்தான். டூரிங் டாக்கீசில் மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்த காலத்து ஆள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, டார்சானுக்கும் தெரியாது, அதனால எங்களுக்குள்ள ஒரு பிரச்சனையும் இல்லை என்பார்.

போன வாரம் நாலு நாள் விடாமல் மழை. தோட்டத்தில் வேலை இல்லை. சரி என்று அவர் டார்சானாக நடித்த 1932 படத்தை டிவியில் போட்டேன். கறுப்பு வெள்ளை, கரகரவென்று சத்தம், ஆனாலும் ஐந்தாவது படிக்கிற என் பொண்ணு கடைசி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. படம் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று டார்சான் மாதிரி கத்தி, பக்கத்துத் தோட்டத்து நாய் எல்லாம் சேர்ந்து குலைத்து, ஒரே கூத்து.

அதே தெம்பில் மறுநாள் 1981ல் வந்த படத்தைப் போட்டேன். அதே பேர், அதே எம்ஜிஎம் கம்பெனி, கலர் வேறு, ரிச்சர்ட் ஹாரிஸ் மாதிரி பெரிய நடிகர் வேறு. படம் ஓடுது, ஓடுது, டார்சானைக் காணோம். ஜேன் என்று வருகிற கதாநாயகி மட்டும் குளிக்குது, நனையுது, மறுபடி குளிக்குது. அப்பா மெதுவாக எழுந்து “மோட்டார் போட்டுட்டு வந்தர்றேன்” என்று போனார். நாலு நாளாக மழை கொட்டுது, வாய்க்கால் நிறையத் தண்ணி போகுது, எந்த மோட்டார்? நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் என் பொண்ணு “தாத்தா எங்கப்பா போறாங்க?” என்கிறாள். அணைத்துவிட்டேன்.

அப்புறம் தனியாக மிச்சத்தைப் பார்த்தேன். வெட்கத்தை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்கிறேன். கதை அதே கதைதான், பணமும் இருந்திருக்கிறது, ஐம்பது வருசத்து அனுபவமும் இருந்திருக்கிறது. பிறகு எப்படி இவ்வளவு சொத்தையாக எடுத்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

சேலத்து ரீல்:

மோட்டார் போடப் போனாரா! சிரிச்சு முடியலை.

விசயத்துக்கு வர்றேன். அந்தப் படத்தின் டைரக்டர் ஜான் டெரெக். ஜேனாக நடித்த போ டெரெக் அவருடைய மனைவி. கேமராவும் அவரே, தயாரிப்பாளர் அந்தம்மாவே. ஆக யாரைப் படம் பிடிக்க வேண்டும் என்பதில் வீட்டுக்குள்ளேயே முடிவாகிவிட்டது. டார்சானாக வந்த மைல்ஸ் ஓ கீஃபுக்குப் படம் முழுக்க ஒரு வசனம்கூடக் கிடையாது, அந்தக் கூப்பாடு மட்டும்தான். தலைப்பில் அவன் பேர் இருக்கிறதே தவிர, கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை பேரை எழுதிவிட்டு அவனைப் பந்தி பரிமாற விட்ட கதைதான்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. கதாசிரியர் எட்கர் ரைஸ் பரோஸ் 1931ல் எம்ஜிஎம்முக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தப்படி, கம்பெனி அந்த முதல் படத்தைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் அதன் கதையைப் பெரும்பாலும் ஒட்டியேதான் எடுக்க வேண்டும். நாவலைத் தொட உரிமை இல்லை. நாவல் 1912ல் பத்திரிகையில் வந்தது. அதில் டார்சான் செத்துப்போன அப்பா அம்மாவின் குடிசையில் கிடந்த புத்தகங்களை வைத்துத் தானாகவே எழுத்துக் கூட்டிப் படிக்கிறான், அப்புறம் பேசப் பழகும் முதல் மனுச பாஷை பிரெஞ்சு. எவ்வளவு அருமையான விசயம்! அது எதையும் எடுக்க முடியாது. கையில் இருப்பது 1932 படத்தின் எலும்புக்கூடு. அதன் மேல் சதை வைக்கச் சொன்னால் இவர் ஜேன் மேல் மட்டும் வைத்தார். பரோஸ் குடும்பத்து ஆட்கள் வழக்கும் போட்டார்கள். நீதிமன்றம் படத்தை நிறுத்தவில்லை, சில நிர்வாணக் காட்சிகளை மட்டும் வெட்டச் சொன்னது.

அந்த வருசத்து மோசமான நடிகைக்கான ராஸி விருதை அந்தம்மா இன்னொரு நடிகையோடு பங்கு போட்டுக்கொண்டார். ராஸி அப்போதுதான் இரண்டாவது வருசம்.

1959லேயும் எம்ஜிஎம் ஒருமுறை இதே பேரில் எடுத்தது தெரியுமுங்களா? டென்னி மில்லர் என்று ஒரு பொன்முடிக்காரர். அதில் 1932 படத்துத் துண்டுகளுக்கே சாயம் ஏற்றி ஒட்டியிருப்பார்கள். அதையும் பார்த்துவிடாதீங்க.

வால்பாறை அட்டை:

ரீல் அண்ணா சொன்னது சரி, ஆனால் டைரக்டர் மனைவியைக் காட்டினார் என்பதோடு நிறுத்தினால் பாதிதான். அந்தப் படத்தில் காடே இல்லை. அதுதான் பெரிய குறை.

நான் எஸ்டேட் லைனில் பிறந்து வளர்ந்த ஆள். மழைக்காலத்தில் காலில் புகையிலையும் உப்பும் தடவாமல் சோலைக்குள் பத்தடி வைத்துப் பாருங்கள், விரல் இடுக்கில், முழங்காலில், சட்டைக்குள்ளே என்று அட்டை ஏறியிருக்கும். எடுத்துப் போட்ட பிறகும் ரத்தம் நிற்காது, சாயங்காலம் வரைக்கும் கசியும். இந்தப் படத்தில் அந்தம்மா அந்த உடையில் காட்டுக்குள் கிடக்கிறார், ஒரு கொசுக்கடி கூட இல்லை. காடு என்றால் பச்சைத் திரைச்சீலை என்று நினைத்துவிட்டார்கள்.

மிருகம் இன்னும் மோசம். ஆப்பிரிக்கா என்று சொல்லிவிட்டு ஒராங்குட்டானைக் கூட்டி வருகிறார்கள். அது சுமத்ராவிலும் போர்னியோவிலும் மட்டும் இருக்கிற பிராணி. டார்சான் அதோடுதான் கூட்டாளி. கடைசியில் பேர் ஓடும்போது அதுவும் அவர்கள் ரெண்டு பேரும் கட்டிப் புரண்டு விளையாடுவதைப் பார்த்தால் சர்க்கஸ் முடிந்து கூடாரம் பிரிக்கிற மாதிரி இருக்கும். படம் எடுத்த இடங்களில் ஒன்று இலங்கை. யானை எல்லாம் நம்ம டாப்சிலிப் யானை ஜாதி. காதைப் பார்த்தாலே அங்கே கோழிகமுத்தி யானை முகாமில் இருக்கிற சின்னப் பையன் சொல்லிவிடுவான்.

மலைப்பாம்புச் சண்டையை ஸ்லோமோசனில் காட்டுவார்களே, யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று கடைசி வரைக்கும் தெரியாது. பாம்புக்கும் தெரிந்திருக்காது.

அந்தியூரான்:

வால்பாறைக்காரரே, பழைய படத்தை மட்டும் விட்டுவிட்டீங்களே. 1932லும் ஆசிய யானைக்குத்தான் பொய்க் காது கட்டி விட்டார்கள். அந்த வரிசைப் படங்களில் காட்டுக்குள் கெக்கெக்கே என்று சிரிக்கிற பறவைக் குரல் வருமே, அது ஆஸ்திரேலியாவின் கூக்கபரா. நிஜ ஆப்பிரிக்கக் காட்சி என்று காட்டியதில் நிறைய 1931ல் வந்த டிரேடர் ஹார்ன் படத்துக்காக எடுத்ததில் மிஞ்சியது. நீங்கள் மயங்கிப் பார்க்கிற விழுது ஊஞ்சலும் பொய். காட்டுக் கொடி தரையில் வேர் விட்டு மேலே ஏறும், மேலிருந்து ஊஞ்சல் கயிறு மாதிரி தொங்காது. ஆப்பிரிக்க மக்களை அதில் காட்டியிருக்கிற விதத்தை இப்போது பார்க்கக் கூசும், குள்ளர்களாக வருகிறவர்கள் கறுப்புச் சாயம் பூசிய வெள்ளைக்காரர்கள். சின்ன வயதில் பார்த்ததை எல்லாம் தெய்வம் ஆக்காதீங்க.

இன்னொன்று. 1981 படம் வசூலில் தோற்கவில்லை. திட்டிக்கொண்டே போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

வால்பாறை அட்டை:

ஒத்துக்கிறேன் அந்தியூர் அண்ணா, எல்லாம் நிசம். ஆனால் அந்தப் பொய்க் காது கட்டிய யானையோடு அவன் இருக்கிற விதத்தைப் பாருங்கள். வைஸ்முல்லர் 1924லும் 1928லும் சேர்த்து நீச்சலில் ஐந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். தண்ணியில் குதித்தால் அது நடிப்பில்லை. கோழிகமுத்தியில் மலசர் மாவுத்தர் ஒருத்தர் ஆற்றில் யானையைப் படுக்க வைத்துத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கையில் கல், இன்னொரு கை அதன் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரமும் அந்தக் கையை எடுக்கவே இல்லை. பாஷையும் பெரிசாக ஒன்றும் இல்லை, தொண்டைக்குள் ஒரு சத்தம், அவ்வளவுதான், யானை மறுபக்கம் புரண்டது. பழைய டார்சானிடம் அதில் ஒரு பங்கு இருந்தது. காட்டில் எது எங்கே இருக்கும் என்று தெரிந்த ஆள் மாதிரி இருந்தான். புது ஆள் ஜிம்மிலிருந்து வந்து நின்ற மாதிரி இருந்தான். நான் சொல்வது அந்த வித்தியாசம்தான். காது எந்த நாட்டுக் காதாக இருந்தால் என்ன.

சேலத்து ரீல்:

யானைக்கு வேசம் கட்டுவது என்று வந்துவிட்டதால் எங்க ஊர்ப் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1952ல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் அமெரிக்கக்காரர்களோடு சேர்ந்து தி ஜங்கிள் என்று ஒரு படம் எடுத்தார், தமிழில் காடு. ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் எல்லாம் ஹாலிவுட் ஆட்கள். கதைப்படி காட்டுக்குள் மாமத் வரும், எப்போதோ அழிந்துபோன ரோம யானை. மாமத்துக்கு எங்கே போவது? யானைக்கு ரோமத்தைப் போர்த்தி மாமத் ஆக்கினார்கள். சேலத்து வெயிலில் அந்த யானை என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது, ஆனாலும் அந்தத் தைரியத்துக்கு ஒரு கும்பிடு.

கோவை சவுத்:

லேட்டாக வர்றேன். ரீமேக் என்றாலே சொத்தை என்று யாராவது முடிவு கட்டுவதற்குள் எங்க ஊர் சின்னப்பா தேவர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1967ல் தெய்வச் செயல் என்று யானையை வைத்து ஒரு படம் எடுத்தார். போகவில்லை. வேறு ஆளாக இருந்தால் முருகா என்று அடுத்த கதைக்குப் போயிருப்பார். அவர் அதே கதையை இந்திக்குக் கொண்டு போனார். ராஜேஷ் கன்னாவுக்குத் திரைக்கதை பிடிக்காமல் சலீம் ஜாவேத் ரெண்டு பேரையும் விட்டுத் திருத்தச் சொன்னார். 1971ல் ஹாத்தி மேரே சாத்தி. பேய் ஓட்டம். மறுவருசமே அதைத் தமிழுக்குத் திருப்பி எம்ஜிஆரை வைத்து நல்ல நேரம் எடுத்தார், அதுவும் ஓடியது. இந்தியும் தமிழும் ரெண்டுக்கும் டைரக்டர் அவர் தம்பி திருமுகம்தான். யானை, புலி, பாம்பு, ஆடு எதை வைத்து எடுத்தாலும் தேவர் ஒன்றில் கணக்காக இருப்பார். அந்தப் பிராணி போனால் நீங்கள் அழ வேண்டும். முதல் ஷாட்டிலிருந்து அதற்காகத்தான் கட்டிக்கொண்டு வருவார். அந்த 1981 ஒராங்குட்டான் காணாமல் போயிருந்தால் யாராவது தேடியிருப்பார்களா?

எங்க அப்பிச்சி நல்ல நேரம் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லையாம். ராமு யானை செத்ததுக்கு வீட்டில் துக்கம் அனுசரித்த மாதிரி ஆகிவிட்டது என்று அம்மத்தா சொல்லும்.

அந்தியூரான்:

தேவர் கணக்கு எனக்கும் சம்மதமுங்க. அதில் மறுபேச்சு இல்லை.

கோபி, அந்த 1932 கதையில் யானைகள் சாகப் போகிற ரகசிய இடம் என்று ஒன்று வருமே, தந்தம் குவிந்து கிடக்கும் என்று ஜேனின் அப்பா தேடிப் போவாரே, அதையும் பொண்ணுக்குச் சொல்லி வையுங்க, அப்படி ஓர் இடம் கிடையாது. யானைக்கு ஆயுசில் ஆறு செட் கடைவாய்ப்பல். கடைசி செட் தேய்ந்தால் கட்டையான தீவனத்தை மெல்ல முடியாது. மெத்தென்ற புல்லும் தண்ணியும் இருக்கிற பக்கமாகவே ஒதுங்கி நிற்கும், அங்கேயே விழும். ஒரே ஓரத்தில் நாலைந்து எலும்புக்கூடு கிடந்தால் பார்த்தவன் சுடுகாடு என்று கதை கட்டியிருப்பான். எங்க பக்கம் பர்கூர் மலையடிவாரத்தில் இருக்கிற பெரியவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

கோபி வாய்க்கால்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரீல் அண்ணா சொன்ன ஒப்பந்த விவகாரத்தை அப்பாவிடம் சொன்னேன். “எழுத்து பூராம் கோர்ட்டுல, படம் பூராம் குளியல்ல” என்றார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம்.

கடைவாய்ப்பல் சமாச்சாரத்தைப் பொண்ணிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, “தாத்தாவுக்கும் முறுக்கு மெல்ல முடியலை, அதான் வாய்க்கால் பக்கமாவே உட்கார்ந்திருக்காங்களா?” என்று கேட்டாள். அப்பா காதில் விழுந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை, மோட்டார் ரூம் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் போடலாம் என்று இருக்கிறேன். கோவை சவுத் அண்ணா, அதில் யாரும் குளிக்க மாட்டார்கள்தானே?

கோவை சவுத்:

யானை குளிக்கும். பயப்படாம போடுங்க.