புதுப்பிப்பு: கிளெமென்டே அட்டை அசல்தான்

பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளெமென்டேயின் படம் போட்டு டாப்ஸ் நிறுவனம் 1973-இல் வெளியிட்ட சேகரிப்பு அட்டை அசலா, மறுபதிப்பா என்று கேட்டிருந்தேன் அல்லவா, அசல்தான்! நீங்கள் சொன்னபடி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது, ஆனால் பெயரின் கறுப்பு எழுத்தில் ஒரு புள்ளிகூட இல்லை, மை அடர்த்தியாக, ஓரம் கூராக நிற்கிறது. ஸ்கேன் செய்து அச்சடித்திருந்தால் எழுத்தும் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். ஒரு மூலை மழுங்கியிருக்கிறது, பரவாயில்லை. நிகரகுவா நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப்போன விமானம் 1972 டிசம்பர் 31 அன்று விழுந்து, அதில் இருந்த கிளெமென்டே இறந்த பிறகு வந்த அட்டை இது. பெரிய லீக் ஆட்டங்களில் சரியாக 3000 ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஓடி பேஸைப் பத்திரமாக எட்டுவது) அடித்த மனிதர். அட்டையின் நிலையைப் பார்த்துத் தரம் போடுபவர்களுக்கு அனுப்பச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் இதை நான் விற்கப்போவதில்லை. அப்புறம், அவருடைய 1955 முதல் அட்டையையும் தேடுகிறேன், விலைதான் மலைக்க வைக்கிறது.