ஐ.பி. (கோர்ட்டில திவால் மனு) கொடுத்தா எல்லாக் கடனும் போயிருமா? அனுபவம் உள்ளவங்க எழுதுங்க

குலசேகரம்:
அண்ணன் ஐ.பி. கொடுத்து, கோர்ட்டில கடன்ல இருந்து விடுவிப்பு உத்தரவும் வாங்கியாச்சு. ரப்பர் விலை விழுந்தப்போ கடன் ஏறின கதையை நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பிறகுதான் பைனான்ஸ்காரங்க எனக்க மாமாவைத் தேடி வந்தாங்க. ஜாமீன் கையெழுத்து அவருடையது. ரப்பர் ஷீட் அடிச்சுக்கிட்டு நின்னவர், ஆசிட் வாடை அடிக்கிற கையாலேயே நோட்டீசை வாங்கினார். "வாங்கினவனை விட்டாச்சு, என்னையா பிடிக்குது?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் வரல்ல. இது என்ன நியாயம்?

திங்கள்சந்தை:
சட்டம் அப்படித்தான் தம்பி. 1920 மாகாணத் திவால் சட்டம், 44ஆம் பிரிவு. விடுவிப்பு கடனாளிக்கு மட்டும். ஜாமீன்தாரர், கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு அப்படியே நிக்கும்.

தக்கலை:
அந்த 44ஆம் பிரிவுதான் எங்க அக்காவைக் காப்பாத்திச்சு. ஜீவனாம்சப் பாக்கி கேட்ட அன்னைக்கு, மச்சான் கோர்ட்டில ஐ.பி. உத்தரவை எடுத்து நீட்டினார். அக்கா மடியில பிள்ளை யூனிபார்மோட உறங்கிக் கிடந்தான். ஜட்ஜம்மா முழுசா வாசிச்சுப் பார்த்துட்டு, "ஜீவனாம்சம் இதுல வராது"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு அக்கா அங்கேயே அழுதுட்டா. மாமாவுக்கு நடந்தது வேதனைதான், குலசேகரம். ஆனா அந்தப் பிரிவையே குறை சொல்லாதீங்க.

மார்த்தாண்டம்:
2016லேயே புதுத் திவால் சட்டம் வந்தாச்சே. இன்னும் 1920ஐப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, திங்கள்சந்தை அண்ணாச்சி?

திங்கள்சந்தை:
புதுச் சட்டத்தில தனிநபர் பாகம் 2019 டிசம்பர்ல நடப்புக்கு வந்தது கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்னவங்களுக்கு மட்டும். கடைக்காரர், ரப்பர் பால் வெட்டுறவர், வள்ளக்காரருக்கு எல்லாம் இன்னும் பழசுதான்.

யாரும் கேக்கல்ல, ஆனாலும் சொல்றேன். மனு கொடுத்ததும் கடன் போயிராது. முதல்ல திவாலானவர்னு கோர்ட் அறிவிக்கணும். பிறகு கோர்ட் சொன்ன கெடுவுக்குள்ள விடுவிப்புக்குத் தனியா மனு போடணும். போடல்லன்னா அந்த அறிவிப்பே ரத்தாகும். விடுவிப்பு கிடைச்சாலும் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது, மோசடியில வந்த கடன் ரெண்டும் போகாது. அடமானம் வெச்ச வீட்டை பேங்க் விக்கலாம். சிலபேர் முன்கூட்டியே சொத்தை மச்சினன் பேருக்கு எழுதி வெக்கிறாங்க. மனுவுக்கு முந்தின 2 வருஷத்துக்குள்ள சும்மா எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யச் சட்டத்தில வழி இருக்கு. மாமாவை நல்ல வக்கீலைப் பார்க்கச் சொல்லு, தம்பி. நோட்டீசுக்குப் பதில் போடாம வீட்டில வெச்சிராதீங்க.